கேள்விக்குறிக்குப் பின்னால்

வேலை விண்ணப்பத்தின் முடிவைக் காட்டும் பொத்தானை அழுத்தினான்.

திரை ஒரு சுற்று சுற்றி, வேறொரு பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்றது. பொறுமைக்கு நன்றியும் சொன்னது.

வேறு யாராவது என்றால் அத்தோடு மூடிவிட்டு டீ போடப் போயிருப்பார்கள்.

இவன் பத்தொன்பது வருஷம் இணையப் பக்கம் கட்டும் இதே வேலை பார்த்தவன். ஆளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும்போது, திரையின் உச்சியில் தெரியும் இணைய முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் பின்னால் சேதியைச் சொருகி அனுப்புவார்கள். போய்ச் சேரும் பக்கம் அதைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

கண் நேராக அங்கேதான் போனது.

நிலை: நிராகரிப்பு. காரணம்: வயது. காட்ட வேண்டியது: பரிசீலனை.

ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், தங்களும் இல்லை நன்றியும் இல்லை.

வேலை போன இந்த ஏழு மாதமாக அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை என்று மனைவி சாருலதா சி பிளாக் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். யாரும் நம்பவில்லை. நல்ல மனுஷர்கள், அதனால் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. லிப்டில் மட்டும், சாருக்கு இன்னிக்கும் வீட்லயேதானா என்பார்கள்.

நாற்பது கம்பெனிகள் கையை விரித்தாகிவிட்டது. இது ஒன்றுதான் மூன்றாவது நேர்காணல் வரை கூப்பிட்டது.

சும்மாதான் செய்தான். பரிசீலனை என்பதை அழித்து, தேர்வு என்று அடித்து, என்டர் தட்டினான்.

பக்கம் நம்பிவிட்டது. சி பிளாக்கைவிட வெள்ளந்தி.

வாழ்த்துகள் என்றது. பச்சை எழுத்தில், அவன் முழுப்பெயரோடு.

அழிக்கத்தான் கையைக் கொண்டுபோனான். சாருலதா கரண்டியோடு பின்னால் வந்து நின்றாள்.

படித்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மதுரையில் அவள் அண்ணனுக்குப் போன் போய்விட்டது. எதிர்வீட்டுக்கும் போய்விட்டது. எதிர்வீட்டுக்குச் சொன்னால் நாலு மாடிக்கும் சொன்ன மாதிரி.

திரும்பி வந்தபிறகுதான் திரையை உற்றுப் பார்த்தாள். வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி மொட்டையாக நின்றது.

"என்னங்க, சேர வேண்டிய நாள்னு எழுதிட்டு ஒண்ணும் போடலையே?"

பக்கம் இன்னும் முழுசா வரவில்லை என்றான்.

அவள் அடுப்படிக்குப் போனாள். ரவை வறுபடும் வாசனை வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தமும், நடுவில் ஒரு சிரிப்பும்.

முகவரியின் கடைசிக்குப் போனான். இன்னொரு துண்டைச் சேர்த்தான். எந்த நாள் என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

வருகிற திங்கட்கிழமையைப் போட்டான்.