தாய்ப்பால் வைத்தியம்

"கண்ணுல எதை ஊத்துனீங்க? தாய்ப்பாலையா?"

மருந்து கொடுக்கும் விஜிதரன் சிரித்த சிரிப்பில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் தகரக் கூரையே அதிர்ந்தது. வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எதிரே மூக்கன் நின்றான். வலது கண்ணில் வெள்ளைத் துணிக்கட்டு. பக்கத்தில் அவன் பெண்சாதி நாகலெட்சுமி, பெரியாஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரோட பாலு?"

"பக்கத்துக் காம்பரா சர்மிளாவோடதுங்க. பச்சப்புள்ளக்காரி. எங்க பெரியவங்கல்லாம் அப்புடித்தாங்க செய்வாங்க."

"ஒங்க பெரியவங்க! அதுல எத்தன பேரு குருடாச் செத்தாங்களோ! பாத்துக்க அம்மாக்கண்ணு, நாளைக்கு நீயும் ஊத்திக்கிட்டு வந்து நிக்காத."

வாங்கின் ஓரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு, "இல்லீங்கையா" என்று பயந்துபோய்ச் சிரித்து வைத்தாள்.

வரிசைக் காம்பராக்களில் குடியிருக்கும் இந்த லயத்து ஆட்களைக் கண்டாலே விஜிதரனுக்கு ஆகாது. பதினொரு வருஷமாக மருந்து கொடுக்கிறான். ஒருத்தர் தலைக்குள்ளாவது மூளை இருப்பதாக அவனுக்குப் படவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், மலையில் உரம் போடும்போது காற்று உரத்தூளைத் திருப்பி அடித்து மூக்கனுக்கு இரண்டு கண்ணும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அன்றைக்கே இவன் மருந்து கொடுத்தானே! மேசை லாச்சியில் கிடந்த போத்தலைத் திறந்து, அவர்கள் கொண்டுவந்த குப்பியின் அடி நனைகிற அளவுக்கு ஊற்றி, "போ, போ" என்று அனுப்பினானே! இதுகளுக்கு அது போதாதா?

துண்டைப் பிடுங்கிப் படித்தான். வலது கண்ணில் கிருமி புகுந்து புண்ணாகிவிட்டது, இனிப் பார்வை வராது. இடது கண்ணையாவது கவனமாகப் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது.

"கேட்டியா? கிருமி! மாட்டுக்குக்கூட எவனும் இப்புடி வைத்தியம் பாக்க மாட்டான்."

"இந்த ஒத்தக் கண்ணும் போச்சுன்னா மலைக்கு ஏற முடியாதுங்கையா," என்றான் மூக்கன். "வேலையிலேருந்து பேர வெட்டிருவாங்க. காம்பராவையும் விடச் சொல்லுவாங்க."

"அந்த யோசன பால ஊத்தறப்ப எங்க போச்சு? மேயப் போயிருச்சா?"

லாச்சியை இழுத்து அதே போத்தலை எடுத்தான். வாயில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சட்டை ஓரத்தில் துடைத்தான்.

"ஒங்கள நம்பிக் குடுக்க ஏலாது. என் கையாலயே விடுறேன். தலையத் தூக்கு."

மூக்கன் தலையைத் தூக்கவில்லை. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

"என்னடா, மருந்துன்னா பயம், பாலுன்னா ருசியா?"

நாகலெட்சுமிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "அன்னைக்கு நீங்க குடுத்த மருந்து ஒரு கண்ணுக்குத்தாங்க பத்துச்சு."

"அதனால மத்தக் கண்ணுல பால ஊத்தி அவிச்சுப்புட்டீங்க!"

மூக்கன் பொத்திய கையை எடுக்கவே இல்லை.

"இல்லீங்கையா. பாலு ஊத்துனது இந்தக் கண்ணுலங்க."