வெட்டிய அத்தியாயம்

மோகனப்பிரியா அறிவியல் புனைகதை நாவல்களின் எடிட்டர். புது எழுத்தாளர்களின் கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே வெட்டிவிடுவாள். அதில் எல்லாவற்றையும் விளக்கித் தொலைத்திருப்பார்கள் என்பது அவள் அனுபவம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கந்தவேலின் நாவலையும் அப்படித்தான் வெட்டினாள். சூடு ஆறவே ஆறாத ஒரு முட்டையின் கதை அது. முட்டை அசையும் இடத்தோடு முடித்தாள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தச் சந்தோஷத்தில் கந்தவேல் சூரமங்கலத்தில் இருந்த அவள் வீட்டுக்கே வந்து ஓர் அட்டை முட்டை கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

மறுநாள் காலை ஆம்லெட்டுக்கு எடுத்தபோது ஒரு முட்டை மட்டும் சூடாக இருந்தது. திரும்ப உள்ளேயே வைத்தாள். மத்தியானமும் அது ஆறவில்லை. சாயங்காலம் லேசாக அசைந்தது.

உடனே போன் போட்டாள்.

"கந்தவேல் சார், கடைசி அத்தியாயத்துல முட்டையிலிருந்து என்ன வெளிய வருது?"

"ஏனுங்க மேடம், நீங்க அதப் படிக்கலீங்களா?"

"இல்ல. இப்பவே அனுப்புங்க."

"நீங்க வேண்டாம்னதும் அடுப்புல போட்டுட்டனுங்க. என்ன எழுதுனேன்னு யோசிச்சா நெனப்பே வர மாட்டேங்குதுங்க."

போனை வைத்தாள். எந்தக் கதையின் முடிவையும் பாதியிலேயே சொல்லிவிடுகிறவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. அதுவே சந்தோஷமாக இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முட்டைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து முட்டை பதிலுக்குத் தட்டியது.