தணிகாசலத்தின் சீப்பு

கஸ்தூரி வீட்டுச் சமையலறையில் இருந்த கருவிக்குள் ஒரு முடியை வைத்தால் போதும். அது யாருடையதோ அவருக்கு என்ன சத்துக் குறைவு என்று பார்த்து, அதற்கேற்ற கஞ்சியைக் கலந்து தந்துவிடும். தினமும் காலையில் அவள் இரண்டு முடி வைப்பாள். ஒன்று அவளுடையது. மற்றது கணவர் தணிகாசலத்தினுடையது. அவர் இறந்து ஏழு மாதமாகிறது.

அவருடைய சீப்பில் சிக்கியிருந்த நரைமுடிகளைத்தான் நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், தணிகாசலம். துத்தநாகச் சத்து குறைவாக இருக்கிறது. நகம் உடையும்," என்று கருவி சொல்லும்.

"நான் சொன்னா எங்க கேக்கறீங்க," என்றபடி கஸ்தூரி டம்ளரை அவர் நாற்காலி முன் வைப்பாள். ஆறியதும், அவர் தினமும் திருட்டுத்தனமாக ஊற்றியதைப் போலவே, பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். செடி தளதளவென்று வளர்ந்திருந்தது.

நேற்று ஓசூரிலிருந்து மகள் யாழினி வந்திருந்தாள். இன்று காலை சீப்பு பளிச்சென்று இருந்தது.

"ஒரே அழுக்கும்மா. சோப்புப் போட்டு ஊற வச்சுக் கழுவிட்டேன்."

கஸ்தூரி கருவியைத் திறந்தாள். தன் முடியை மட்டும் வைத்தாள். மேஜையில் இரண்டு டம்ளர்கள் இருப்பதைப் பார்த்த யாழினிக்கு அப்போதுதான் புரிந்தது. "அம்மா," என்றாள்.

"தணிகாசலம் இன்னும் வரவில்லை," என்றது கருவி. "காத்திருக்கட்டுமா?"

கஸ்தூரி காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் பாரேன்," என்றாள்.