டிரம்மரைத் தூக்கு

“முதல்ல அந்த டிரம்மரைத் தூக்கச் சொல்லு!”

“அவன் மேல கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

வெளியூரிலிருக்கும் மகள் உருவாக்கிய கம்ப்யூட்டர் கேம் அது. கதையைப் படித்து, பதில்களைத் தேர்ந்தெடுத்து, இசைக்குழு ஒன்று சேர்க்க வேண்டும். குழுவில் ஒருவர் அதிகம். யாரை நீக்கலாம் என்று பெற்றோரிடம் கேட்டிருந்தாள்.

“நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசறானா? ‘சாப்ட்டியா’, ‘குடை எடுத்துக்கோ’, ‘சரி’. உம்மணாமூஞ்சி!”

“எனக்கென்னவோ அவனைத்தாங்க பிடிச்சிருக்கு.”

“பிடிக்கும், பிடிக்கும். உன் ரசனை தெரியாதா!”

அப்பாவே மகளுக்குப் போன் போட்டார். “டிரம்மர் வேணாம்மா. துளிகூட பாசம் இல்லாத பய.”

மகள் சிரித்துவிட்டாள்.

“அவன் பேசற ஒவ்வொரு வரியும் நீங்க எனக்கு அனுப்பின மெசேஜுப்பா. தூக்கிடட்டுமா?”