விலகு பொத்தான்

“மறுபடியும் செத்துட்டேன்! உன்னாலதான்!”

அண்ணன் போனை மேசை மேல் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். நமக்கேன் வம்பு என்று உடனே கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தாள். திரையில் கத்தி வீரன் குப்புறக் கிடந்தான். கோடரி அரக்கன் பக்கத்தில் நின்று கொக்கரித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன், அண்ணி, தங்கை, கூட நாலைந்து பேர். அவ்வளவுதான் அந்தக் கம்பெனி. போனில் ஆடும் வெட்டுக்குத்து விளையாட்டுகள்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன. சண்டை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது அண்ணன், அதற்குக் கணினியில் கோட் எழுதுவது தங்கை. புது விளையாட்டு இன்று சாயங்காலம் வெளியாக வேண்டும். அதற்கு அண்ணன் சரி என்று சொல்ல வேண்டும்.

அவன்தான் சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறானே!

“அரக்கன் கண்ணு சிவந்தா விலகு பொத்தானை அழுத்தணும். அழுத்துறேன். உன் ஆளு ஆற அமர யோசிச்சுட்டு உருள்றான். அதுக்குள்ள கோடரி எறங்கிடுது.”

“நேத்துதானே மாத்தினேன்? பொத்தானையும் பெருசாக்கிட்டேன். விரலை எடுக்கிற வரைக்கும் இப்ப அது காத்திருக்கிறதில்ல. பட்டதுமே உருளும்.”

“பட்டதுமே உருண்டா நான் ஏன் சாகுறேன்? சரி, அதை விடு. வெட்டு விழுறப்ப போன் அதிரணும்னு சொன்னேனே, என்னாச்சு? அதிர்றது கைக்கே தெரியல. காத்துல கத்தி வீசுற மாதிரி இருக்கு.”

“இதுக்கு மேல அதிர வச்சா, போன் தானா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடும்!”

அண்ணன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஒரு மாதமாக மனிதன் சிடுசிடுவென்றுதான் இருக்கிறான். எதைத் தொட்டாலும் நொட்டை. விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் டெஸ்டர் பெண்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். “போதும்க்கா. இன்னும் வேகமாக்கினா, நாம மனசுல நினைச்சாலே அவன் உருண்டுடுவான்.”

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மறுபடியும் உட்கார்ந்தான். “இன்னிக்கும் சரியாகலைன்னா, கோட் எழுத வெளியாளைக் கூப்பிட்டுடுவேன். சொல்லிட்டேன்.”

தங்கைக்குச் சுருக்கென்றது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கோட் எழுதும் நாற்காலியில் அவளைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் யாரோ ஒருவன் உட்கார்ந்து, அவள் எழுதியதைப் படித்து, உதட்டைப் பிதுக்கப் போகிறான். நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். கணினியில் கோட் பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

“அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை விளையாடு. நான் வீடியோ எடுக்கிறேன்.”

“எதுக்கு?”

“மெதுவா ஓட்டிப் பார்த்தா யாரு லேட்டுன்னு தெரிஞ்சுடும். நானா, நீயான்னு.”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம்.”

“பயமா?”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

தன் போனை ஒரு புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தாள். திரையும் அண்ணனுடைய இரண்டு கட்டை விரல்களும் ஒன்றாகத் தெரிந்தன. இடது விரல் வீரனை நடத்துவதற்கு. வெட்டுவதும் விலகுவதும் வலது விரலின் வேலை.

அண்ணன் விளையாடினான். அரக்கனிடம் அடி வாங்கிச் செத்தான்.

வீடியோவைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். விரல் பொத்தானில் பட்டது. அடுத்த படத்திலேயே வீரன் உருளத் தொடங்கியிருந்தான். தாமதம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

“பார்த்தியா? நல்லா பார்த்துக்கோ! ஒரு மாசமா என் உயிரை வாங்கினியே! எல்லாரையும் கூப்பிடட்டுமா?”

“இரு,” என்றான் அண்ணன். “கொஞ்சம் முன்னாடியிலேருந்து போடு.”

போட்டாள். ஜெயித்துவிட்ட தெம்பில் வர்ணனை வேறு. “இதோ, அரக்கன் கண்ணு சிவக்குது. நீ பார்த்துட்டே. இடது விரல் டக்குனு பின்னாடி இழுத்துடுச்சு. இப்ப வலது விரல்...”

வலது விரல் அசையவில்லை. அடுத்த படத்திலும் அசையவில்லை. அவள் விசையைத் தட்டிக்கொண்டே போனாள். கோடரி பாதி தூரம் இறங்கிய பிறகு அந்த விரல் லேசாக நடுங்கியது. அதற்கப்புறம்தான் பொத்தானைத் தேடிக் கிளம்பியது.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

“கோட்ல தப்பு இல்லண்ணா,” என்றாள், தப்பு செய்தவளைப் போல.

அண்ணன் வலது கையை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

“அதுலதான் தப்பு இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேம்மா.”