அசையாத கூடு

தூக்கணாங்குருவி தன் கூட்டில் மின்மினியை விளக்காக ஒட்டிவைக்கிறது என்ற நம்பிக்கை முற்றிலும் தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். அது ஒட்டுவது ஈரக் களிமண். காற்றில் கூடு ஆடாமலிருக்க அந்தக் கனம் வேண்டும். விளக்கு வைத்துப் படிக்கும் பழக்கம் எந்தக் குருவிக்கும் இல்லை.

பாதி கட்டிய கூட்டைப் பெட்டை பார்த்துச் சம்மதித்தால்தான் குடித்தனம். நாரப்பன் கட்டிய கூட்டுக்குள் செவந்தி தலையை விட்டுப் பார்த்தாள்.

“களிமண் எங்கேய்யா?”

“குளமே வத்திப்போச்சு. எங்கே போய்த் தேட?”

“போன வருசக் காத்துல என் முட்டையெல்லாம் தரையில கிடந்துச்சு. மண்ணில்லாத வீட்டுக்கு வேற ஆளைப் பாரு.”

நாரப்பன் பறந்துபோய், வற்றிய குளத்துக்குள் மனிதர்கள் வீடு கட்டுகிற இடத்திலிருந்து அலகு அலகாக ஈரச் சிமென்ட் கொண்டுவந்து பூசினான். மற்ற கூடுகளெல்லாம் வெறும் நார்.

“மகாராணிக்கு மாளிகை!” என்று பக்கத்துக் கூட்டுக்காரி பொருமினாள். செவந்திக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வருடக் காற்றில் மற்ற கூடுகள் விழுந்தன. செவந்தியின் கூடு அசையவில்லை. காற்றுக்குப் பின்னால் அதுவரை காணாத வெயில் வந்தது. சிமென்ட் இரவிலும் சூடு ஆறவில்லை. செவந்தி வாசலில் தொங்கியபடி சிறகால் விசிறிப் பார்த்தாள். முட்டைகள் உள்ளேயே வெந்தன.

“எப்படி இருக்கு உன் மாளிகை?” என்று பக்கத்துக்காரி கேட்டாள்.

“கொஞ்சங்கூட அசையலையே” என்றாள் செவந்தி.

அடுத்த வருடம் அந்த மரத்தில் எல்லாக் கூடுகளுக்கும் சிமென்ட் பூசினார்கள்.