அம்மாவுக்குப் பக்கத்து இடம்

"இந்தப் பிரஷ் வேணாம் பாய். இப்பவே முடி கொட்டுது. இவர் தலையில கொட்டினது போதாதா?" என்றாள் வெரோனிகா.

கச்சேரி ரோட்டில் இனாயத்தின் பெயிண்ட் கடை. மேஜை மேல் பிரஷ்கள் குவிந்து கிடந்தன. வெரோனிகாவுக்கு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. புடவைக் கடையில்கூட அவள் இவ்வளவு படுத்தியதில்லை. பக்கத்தில் அவள் கணவர் காஸ்பர், ரிட்டையரான கணக்கு வாத்தியார், பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுதப் போறது யாரும்மா?" என்று கேட்டார் இனாயத்.

"இவர்தான். வாழ்க்கையில முதல் தடவை."

"அட, சாரே போர்டு எழுதப் போறாரா! இன்னா கடை சார் வெக்கிறீங்க?"

"கடை இல்ல பாய், கல்லறை. என் பேரை எழுதணும்" என்றார் காஸ்பர்.

இனாயத்தின் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. "யா அல்லா! உடம்புக்கு எதுனா...?"

"உடம்பெல்லாம் குண்டுக்கல்லாட்டம்தான் இருக்கு" என்றாள் வெரோனிகா. "இது குடும்பக் கல்லறை பாய். என் மாமனாரும் மாமியாரும் அதுலதான் இருக்காங்க. இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம். அதுக்கு இவரும் இவர் தம்பி லாரன்சும் அடிச்சுக்கறாங்க. ரெண்டுமே அம்மா பிள்ளைங்க!"

"பங்குச் சாமியார் பஞ்சாயத்து பண்ணியே களைச்சுப் போயிட்டார் பாய்" என்றார் காஸ்பர். "யார் பேர் முதல்ல கல்லுல ஏறுதோ அவங்களுக்குத்தான் இடம், என்னை ஆளை விடுங்கன்னுட்டார். ஞாயித்துக்கிழமை கல்லறைத் திருநாள். பெங்களூர்லருந்து லாரன்ஸ் வர்றான். அவன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அவன் வந்து இறங்கறதுக்குள்ள நான் எழுதிடணும்."

"பெயிண்டரை வெச்சு எழுதிக்கலாமே சார்?"

"கூட்டிட்டுப் போனேன். உயிரோட நிக்கிற ஆளு பேரைக் கல்லறையில எழுத மாட்டேன்னு சிலுவை போட்டுக்கிட்டு ஓடியே போயிட்டான்."

இனாயத்துக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வியாபாரமும் வந்தது. மேஜை மேல் கிடந்த பட்டைப் பிரஷ்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளினார்.

"புதுசா எழுதறவங்க பெரிய பிரஷ்ஷா எடுத்தா பெயிண்ட் ஒழுகி காரியமே கெட்டுப்பூடும் சார். இத்தப் பாருங்க, அணில் முடி. நீளமா, மெத்துனு கீது பாருங்க. பெயிண்டை உள்ள புடிச்சு வெச்சுக்கினு, இழுக்க இழுக்க விடும். நேர்க்கோட்டுக்கு இந்தத் தட்டை. சுழிக்கெல்லாம் இந்த உருண்டை. முதல்ல சாக்பீஸ்ல கோடு போட்டுக்கினு, நியூஸ் பேப்பர்ல பழகிட்டு, அப்பாலதான் கல்லுல கை வெக்கணும்."

காஸ்பர் தயங்கினார். பேத்தியின் டிராயிங் பிரஷ்ஷால் வீட்டு கேட்டில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருந்தார். எழுத்துகள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவை போல் இருந்தன.

"சின்னதா எழுதிட்டா போதாதா வெரோ?"

"அதெல்லாம் கூடவே கூடாது! பெருசா எழுதணும். உங்கம்மா பேரை ஒட்டினாப்ல எழுதணும். நடுவுல ஒரு விரல்கூட நுழையக் கூடாது. பாய், யாராலயும் சுரண்டி எடுக்க முடியாத பெயிண்டா குடுங்க."

காஸ்பர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். அம்மா இருந்த காலத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம். வெரோனிகா வைத்த ரசத்தை அம்மா இன்னொரு தரம் தாளித்துத்தான் சாப்பிடுவார். 'அம்மா செஞ்சா சரியாத்தான் இருக்கும்' என்று காஸ்பர் அந்த ரசத்தையே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். அதையெல்லாம் மறந்துவிட்டு, அவரை அம்மாவிடம் சேர்த்து வைக்க இவள் இப்படி ஓடி அலைகிறாளே! எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு!

"பொறந்த தேதிக்கு இன்னும் மெல்லிசா ஒண்ணு எடுத்துக்கங்க சார்" என்றார் இனாயத். "பக்கத்துல அடுத்த தேதிக்கு கொஞ்சம் இடம் வுட்டு எழுதுங்க."

"அந்தத் தேதியை யார் எழுதறது?" காஸ்பருக்கு நியாயமான சந்தேகம் வந்தது.

"பிரஷ்ஷைக் கழுவி பத்திரமா வெச்சுட்டுப் போங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள் வெரோனிகா.

இனாயத் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு முறை இருமினார். பிரஷ்களையும் ஒரு டப்பா கறுப்பு எனாமலையும் கட்டிக் கொடுத்தார். காஸ்பர் கடை என்றும் பாராமல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக இவ்வளவு பண்ற. நான் நிம்மதியா அம்மா பக்கத்துல போய்ப் படுத்துடுவேன். ஆனா உனக்கு அங்க இடமில்லாம போச்சேம்மா!" அவர் கண் கலங்கியேவிட்டது.

வெரோனிகா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இனாயத் பக்கம் திரும்பினாள். "பாய், இதே மாதிரி இன்னொரு செட் குடுங்க."

"சாருக்கு ஒரு செட்டே தாராளம்மா. எதுக்கு இன்னொண்ணு?"

"எனக்குத்தான். பரங்கிமலையில எங்கப்பா கல்லறையில ஒரு இடம் காலியா இருக்கு, அங்க இருக்கிற சாமியார்கிட்ட போன வாரமே சொல்லி வெச்சுட்டேன்" என்றாள் வெரோனிகா. "அங்கயாவது நான் வைக்கிற ரசத்தை யாரும் திரும்பத் தாளிக்காம இருக்கட்டும்!"